காரைக்கால்: நிலக்கரித் துறைமுகமும் காற்றாலைக் கணக்கும்

காரைக்கால் என்றதும் அம்மையார் கோயிலும் மாங்கனித் திருவிழாவும்தான் நினைவுக்கு வரும். நிலக்கரி யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் இவ்வூரின் அண்மைக்காலப் பொருளாதார வரலாற்றை நிலக்கரியை விட்டுவிட்டு எழுத முடியாது.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறிய பிறகும் காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தே இருந்தது. மின்சாரத்தில் பெரும்பங்கு நெய்வேலியிலிருந்தும் மத்திய அரசின் பிற நிலையங்களிலிருந்தும் வந்தது. திருமலைராயன்பட்டினத்தில் 2000இல் இயங்கத் தொடங்கிய 32.5 மெகாவாட் நிலையம்கூட எரிவாயுவில் ஓடுவது. எனவே நிலக்கரியை எரிக்கும் ஊர் அல்ல இது, இறக்கும் ஊர். 2009இல் கீழவாஞ்சூரில் தனியார் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதன் முக்கியச் சரக்கே நிலக்கரிதான். கரித்தூள் பற்றி வாஞ்சூர், நாகூர் மக்கள் முறையிட்டதும் உண்டு. அதே துறைமுகத்தில் வேலை தேடிப் போனவர்களும் உண்டு. துறைமுகம் கடனில் மூழ்கி 2022இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2023 ஏப்ரலில் அதானி நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதை வாங்கியது.

இனி காற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே வந்தது. பிறகு ஆரல்வாய்மொழி கணவாயில் முப்பந்தல். காற்றுக்கு எரிபொருள் செலவு இல்லை என்பது சரிதான். ஆனால் முதலீடு முழுவதும் முதல் நாளிலேயே போட வேண்டும். வட்டிதான் அதன் நிலக்கரி என்று சொன்னால் தப்பில்லை. அனல் நிலையம் ஆண்டு முழுவதும் ஓடும். காற்றாலையோ பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. ஒரு மெகாவாட் நிலக்கரிக்கு ஈடாக இரண்டு மெகாவாட்டுக்கு மேல் நட வேண்டும், காற்று ஓய்ந்த மாதங்களுக்கு வேறு நிலையத்தையும் தயாராக வைத்திருக்க வேண்டும். கம்பித்தடம் போதாமல், வீசிய காற்றையே வீணாக்கி ஆலைகளை நிறுத்திய ஆண்டுகளும் உண்டு. வாங்கிய மின்சாரத்துக்கு மின்வாரியம் மாதக்கணக்கில் பாக்கி வைத்ததும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு 2017 பிப்ரவரியில் நடந்த மத்திய அரசு ஏலத்தில் காற்று மின்சாரம் யூனிட் 3.46 ரூபாய்க்கு இறங்கியது. விலையில் காற்று வென்றது என்றே சொல்லலாம். ஆனால் மாற்றத்தின் செலவு யூனிட் விலையில் மட்டும் இல்லையே! இந்திய ரயில்வேயின் சரக்கு வருமானத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியால் வருவது; பயணச்சீட்டு மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிலக்கரி குறைந்தால் அந்தப் பணத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

காரைக்காலின் நிலைமை இன்னும் சங்கடமானது. காற்றாலைகள் நிற்பது திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, கோவை, திருப்பூர் பக்கம். கடலுக்குள் காற்றாலை அமைக்க அரசு பார்த்து வைத்திருப்பது மன்னார் வளைகுடா. காற்றாலையின் நீண்ட இறக்கைகளைக் கப்பலேற்றும் வேலையும் தூத்துக்குடிக்குப் போகிறது. கரி குறைந்தால் தூள் குறையும் என்பது வாஞ்சூருக்கும் நாகூருக்கும் லாபம்; சுமை இறக்குபவருக்கும் லாரி ஓட்டுநருக்கும் அதே இடத்தில் வேறு என்ன சரக்கு வரும் என்பதற்கு யாரும் இன்னும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.