கல்லீரல் கொழுப்பை அளக்க வந்த அகச்சிவப்பு ஒளி

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது பழமொழி. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையில் இது ஓர் உயிர்ப் பிரச்சினை. தானமாகக் கிடைத்த கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே கணித்து வந்தார்கள். அந்தக் கணிப்புக்குத் துணையாக அகச்சிவப்பு ஒளி வந்து சேர்ந்த வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

சூரியனில் தொடங்கிய தேடல்

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், வண்ணக் கண்ணாடிகள் வழியே சூரியனை ஆராய்ந்து வந்தார். சில கண்ணாடிகளில் வெப்பம் அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் தெரிந்தது. எந்த நிறத்தில் எவ்வளவு வெப்பம் என்று அறிய, 1800-இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறங்களின் மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக வெப்பம் கூடியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அது இன்னும் கூடியது! அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் வெளிப்பட்டது.

1881-இல் ஆப்னி, ஃபெஸ்டிங் என்ற இரு ஆங்கிலேயர்கள் பல கரிமத் திரவங்களின் அகச்சிவப்பு நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார்கள். 1905-இல் அமெரிக்கரான வில்லியம் கோப்லென்ட்ஸ் ஏராளமான சேர்மங்களின் நிறமாலைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்கென்று சில அலைநீளங்களை உறிஞ்சுகிறது என்பது இவற்றால் தெளிவானது. ஒரு பொருளின் நிறமாலை அதன் கைரேகை போன்றது.

தானியமும் இறைச்சியும்

இந்த அறிவை அன்றாடப் பயனுக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் ஒரு வேளாண் பொறியாளர். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் பணியாற்றிய கார்ல் நாரிஸ், தானியத்தின் ஈரப்பதத்தை அண்மை அகச்சிவப்பு ஒளியால் அளக்க வழி கண்டார். 1968-இல் அவரும் பென்-கெராவும் இறைச்சியில் உள்ள கொழுப்பையும் நீரையும் அதே ஒளியால் நேரடியாக அளந்து காட்டினார்கள். இறைச்சியில் கொழுப்பைக் கண்ட ஒளி, கல்லீரலிலும் காணாதா என்ன?

கல்லீரலின் கதை

1963 மார்ச் மாதம் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். நோயாளியான குழந்தை இரத்தப்போக்கால் இறந்தது. 1967-இல்தான் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின் இச்சிகிச்சை பரவியது.

அப்போது வேறொரு சிக்கல் தலைதூக்கியது. பொருத்திய கல்லீரல் சில நேரங்களில் வேலை செய்யவே தொடங்கவில்லை. 1989-இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள், முன்பே கொழுப்பு படிந்திருந்த கல்லீரல்கள் இப்படிச் செயலிழந்ததை எழுதினார்கள். கொழுப்பால் பருத்த செல்கள் நுண்ணிய இரத்தப் பாதைகளை நெருக்குகின்றன. பனியில் வைத்திருந்து மீண்டும் இரத்தம் பாய்ச்சும்போது ஏற்படும் சேதத்தை அவை தாங்குவதில்லை. பெரிய கொழுப்புத் துளிகள் நிறைந்த செல்கள் 30 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நிராகரிப்பு என்பது வழக்கமானது.

ஆனால் அந்தச் சதவீதத்தைச் சொல்வது யார்? சிறு துண்டை வெட்டி, உறைய வைத்து, சீவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நள்ளிரவில் நோய்க்கூறு நிபுணர் கிடைக்க வேண்டும். உறைய வைப்பதால் உண்டாகும் வெற்றிடங்கள் கொழுப்புத் துளி போலத் தோன்றக்கூடும். ஒரே துண்டைப் பார்த்து இரு நிபுணர்கள் இரு வேறு எண்களைச் சொல்வதும் உண்டு. இதற்கிடையில் பனிப்பெட்டியில் உள்ள உறுப்புக்கு நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தவறாக ஏற்றால் பெறுபவர் உயிருக்கு ஆபத்து. தவறாக ஒதுக்கினால் காத்திருப்போர் பட்டியலில் இன்னொருவர் இறக்கலாம்.

இரு பாதைகள் சந்தித்தன

1977-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ், உயிருள்ள மூளையின் ஆக்சிஜன் நிலையை அண்மை அகச்சிவப்பு ஒளியால் கண்காணிக்கலாம் என்று காட்டினார். உடலை அறுக்காமலேயே திசுவுக்குள் பார்க்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. பின்னர் ஆய்வாளர்கள் கல்லீரலின் பக்கம் திரும்பினார்கள்.

இதன் அடிப்படை எளியது. கொழுப்பில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் சுமார் 1,200 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகின்றன. நீர் உறிஞ்சும் இடங்கள் வேறு. கல்லீரலின் மேல் கருவியை வைத்து ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் எது குறைகிறது என்று பார்த்தால் கொழுப்பின் அளவைக் கணக்கிடலாம். வெட்ட வேண்டியதில்லை, பல இடங்களில் அளக்கலாம், சில நொடிகள் போதும். 2019-இல் பிரான்சு அறுவை மருத்துவர்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் நிறமாலைமானியைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு முரணும் உண்டு. கருவிக்கு எது எத்தனை சதவீதக் கொழுப்பு என்று கற்றுக்கொடுப்பது நிபுணர்கள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன எண்களே. ஆசிரியர் தடுமாறினால் மாணவனும் தடுமாறுவான். பெரிய துளிகளையும் சிறிய துளிகளையும் பிரித்தறிவதும் எளிதல்ல. எனவே பயாப்சியை இக்கருவி முற்றிலும் நீக்கிவிடவில்லை.

உலகில் வளர்ந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது. தானமாக வரும் கல்லீரல்களிலும் அது தெரிகிறது. ஒவ்வொன்றையும் சந்தேகத்தின் பேரில் ஒதுக்கினால் பிழைக்க வேண்டியவர்கள் பிழைக்க மாட்டார்கள். முடிவெடுப்பது என்றும் மருத்துவர்தான். ஆனால் தீர விசாரிக்க நேரமில்லாத அந்த இரவில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியும் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.