பர்திரீயாவின் இடம்: பெல்யோவின் உருவகப் பொருட் கோட்பாடு, ஒரு மறுவாசிப்பு

ஸ்பானிய மொழியின் ஒழுங்கான வினையொன்றைக் காலவாரியாகவும் பாங்குவாரியாகவும் அடுக்கிப் பார்த்தால், ஏறத்தாழ எல்லா வடிவங்களும் சச்சரவின்றித் தத்தம் கட்டத்தில் அமர்ந்துவிடும். ‘புறப்படு’ எனப் பொருள்படும் பர்தீர் என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். படர்க்கை ஒருமையில் பர்தே நிகழ்காலம், பர்தியோவும் பர்தீயாவும் இறந்தகாலம், பர்திரா எதிர்காலம். இவை நான்கும் இந்திகாத்திவோ எனப்படும் கூற்றுப்பாங்கைச் சேர்ந்தவை. பர்தா, பர்தியேரா, பர்தியேசே ஆகியவை சுப்ஹுந்திவோ எனப்படும் சார்புப்பாங்கில் அடங்கும். பர்திரீயா என்ற வடிவத்துக்கு மட்டும் நெடுங்காலம் நிலையான வீடு வாய்க்கவில்லை. ஸ்பானிய அகாதெமியின் 1931ஆம் ஆண்டு இலக்கணம் அதற்குப் ‘பொதென்சியால்’ என்ற பெயரில் தனிப் பாங்கே ஒதுக்கியது. 1973இல் அதே அகாதெமி வெளியிட்ட முன்வரைவு, அந்தத் தனிப் பாங்கைக் கைவிட்டு வடிவத்தைக் கூற்றுப்பாங்கில் சேர்த்தது. 2009ஆம் ஆண்டின் புதிய இலக்கணமும் இந்த முடிவையே பின்பற்றுகிறது. ஆனால் வகைப்பாடு மாறியதே தவிர, மாற்றத்துக்கான காரணம் போதிய அளவு விளக்கப்படவில்லை என்பது என் கருத்து. காரணத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த நூல் இன்று மேற்கோளுக்குப் பயன்படும் அளவுக்கு வாசிப்புக்குப் பயன்படுவதில்லை.

அந்த நூல் அந்த்ரேஸ் பெல்யோ 1847இல் சிலியின் சாந்தியாகோவிலிருந்து வெளியிட்ட காஸ்திலிய மொழி இலக்கணம். அதற்கு முன்பே, 1841இல், வினைத்திரிபின் காலங்களைப் பற்றித் தனி நூலொன்றை அவர் வால்பராய்சோவில் பதிப்பித்திருந்தார். பர்திரீயாவுக்கு அவர் இட்ட பெயர் ‘போஸ்ப்ரெத்தேரித்தோ’, அதாவது இறந்தகாலத்தில் நிற்கும் ஒரு நிகழ்வுக்குப் பிந்தியது. நெடுநாள் செல்வாக்குடன் விளங்கிய ஒரு வாசிப்பு, இந்தப் பெயரைப் பாராட்டிவிட்டு அதன் பயனை மறுக்கிறது. அந்த வாசிப்பின்படி, ‘புறப்படுவதாகச் சொன்னான்’ என்பது போன்ற அயற்கூற்றில் மட்டுமே பெல்யோவின் பெயர் பொருந்தும். நிபந்தனை, ஊகம், பணிவு ஆகிய மற்றப் பயன்பாடுகளைக் கால வரைபடத்துக்குள் கொண்டுவர முடியாமல், அவர் ‘உருவகப் பொருள்’ என்ற பையில் போட்டுக் கட்டிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. எண்ணிக்கையில் மிகுந்த பயன்பாடுகள் அந்தப் பைக்குள் இருப்பதால், வடிவத்தின் உண்மையான இயல்பு காலம் அன்று, பாங்கே என்று அந்த வாசிப்பு முடிக்கிறது. பெல்யோவின் உருவகப் பகுதியை வரிசை மாறாமல் படித்தால் இந்த முடிவு நிற்காது என்று கருதுகிறேன்.

பெல்யோ எல்லாக் காலங்களையும் மூன்றே உறவுகளால் கட்டுகிறார்: உடனிகழ்வு, முன்மை, பின்மை. ஓர் உறவின்மேல் இன்னோர் உறவு ஏறலாம். பர்தீயா இறந்தகாலத்தோடு உடனிகழ்வது. பர்திரீயா இறந்தகாலத்துக்குப் பின்மை உடையது. இதுவரை எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உருவகப் பொருளைப் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வாசிப்புகள் பிரிகின்றன. அங்கே அவர் வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப்பொருள் கற்பிக்கவில்லை. உறவுகளுக்கே உருவகப் பொருள் தருகிறார். பின்மை உறவு உருவகமாக நின்றால் தருக்க விளைவையோ வாய்ப்பையோ ஊகத்தையோ குறிக்கும். முன்மை உறவு உருவகமாக நின்றால் மறைமுக மறுப்பைக் குறிக்கும், ஏனெனில் ஒன்று இருந்தது என்று சொல்வதே அது இப்போது இல்லை என்று சாடையாகச் சொல்வதாகும். எதிர்காலத்தின் ஊகப் பயன்பாடும், பொய்த்துப்போன நிபந்தனையில் இறந்தகால வடிவம் வருவதும் இந்த இரண்டே விதிகளால் விளங்குகின்றன. உதிரிப் பயன்பாடுகளைத் தொகுத்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். உறுப்புகளின் மதிப்பை மாற்றி முழுமையின் மதிப்பைக் கணக்கிடும் ஒருவரின் நடை இது.

கணக்கிட்டுப் பார்ப்போம். பர்திரீயாவில் இரண்டு உறவுகள் உள்ளன, ஆகவே ஒவ்வொன்றும் நேர்ப்பொருளிலோ உருவகப் பொருளிலோ நிற்கலாம். இரண்டும் நேர்ப்பொருளில் நின்றால் அயற்கூற்று கிடைக்கிறது: தீஹோ கே பர்திரீயா, ‘புறப்படுவதாகச் சொன்னான்’. முன்மை நேராகவும் பின்மை உருவகமாகவும் நின்றால் இறந்தகாலத்தைப் பற்றிய ஊகம் கிடைக்கிறது: செரீயான் லாஸ் த்ரேஸ், ‘அப்போது மணி மூன்று இருக்கும்’. இதன் நிகழ்கால இணை செரான் லாஸ் த்ரேஸ், ‘இப்போது மணி மூன்று இருக்கும்’. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முன்மை ஒன்றுதான். ஊகம் இரண்டுக்கும் பொது. இரண்டு உறவுகளும் உருவகமானால், பின்மை விளைவையும் முன்மை மறுப்பையும் தந்து, சி புதியேரா, பர்திரீயா என்ற வாக்கியம் கிடைக்கிறது: ‘முடிந்தால் புறப்படுவான், ஆனால் முடியாது’. நிபந்தனை வாக்கியத்தின் பொருளே இந்த இரண்டு கூறுகளின் கூட்டுத்தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய வாசிப்பு மூன்று தனிப் பயன்பாடுகளாகக் கண்டவை ஒரே பட்டியலின் மூன்று வரிசைகள். பணிவுப் பயன்பாடு மூன்றாம் வரிசையின் தணிந்த வடிவமே. செய்தித்தாள்களில் உறுதிப்படாத தகவலைச் சொல்லப் பயன்படும் பர்திரீயாவைத் தனிச் சிக்கலாக எழுப்புவோர் உண்டு. அது ‘சொன்னார்கள்’ என்ற தலைமை வினை தொக்கு நிற்கும் முதல் வரிசைதான் என்பதற்கு மேல் அதில் சிக்கல் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு பெல்யோவின் மனத்தில் மட்டும் இருந்ததன்று, சொல்லின் உடலிலேயே தெரிகிறது. ஸ்பானிய எதிர்காலம், வினையின் மூல வடிவத்தோடு ‘உடைமை’ வினையான அபேர் சேர்ந்து உருவானது. இதை 1492லேயே நெப்ரிஹா தம் இலக்கணத்தில் கண்டு சொல்லிவிட்டார். பர்தீர் என்பதோடு அபேரின் நிகழ்கால விகுதி சேர்ந்தால் தன்மை ஒருமையில் பர்திரே, அதன் இறந்தகால விகுதி சேர்ந்தால் பர்திரீயா. இடைக்கால ஸ்பானியத்தில் இந்த இரண்டு உறுப்புகளுக்கும் நடுவே பதிலிப்பெயர் நுழைய முடிந்தது என்பதால் பிணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதும் தெரிகிறது. ஆக, அடியில் உள்ள ரகரம் பின்மையையும் ஈயா என்ற விகுதி முன்மையையும் ஏந்தி நிற்கின்றன. பர்தீயா என்ற இறந்தகாலத்திலும் வருவது இதே ஈயாதான். ஒழுங்கான வினை இதைவிடத் தெளிவான சான்றொன்றையும் தருகிறது. அது ஏனோ போதிய கவனம் பெறவில்லை. சார்புப்பாங்கின் பர்தியேரா, பர்தியேசே, இன்று வழக்கொழிந்துவரும் பர்தியேரே ஆகிய மூன்றும் பர்தியேரோன் என்ற இறந்தகாலப் பன்மையின் ‘இயே’ ஈருயிரைக் கொண்டவை. பர்திரேயிலும் பர்திரீயாவிலும் அந்த ஈருயிர் தலைகாட்டுவதே இல்லை. ஒழுங்கற்ற வினைகளில் இந்தப் பிளவு இன்னும் வெளிப்படையாகிறது: தெனேர் என்ற வினையில் துவியேரோன் என்பதிலிருந்து துவியேரா வருகிறது, தெந்த்ரே என்பதிலிருந்து தெந்த்ரீயா வருகிறது. எதிர்காலத்தின் அடி சிதைந்தால் பர்திரீயா வகை வடிவமும் அப்படியே சிதைகிறது. சார்புப்பாங்கின் அடியோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை.

வடிவ ஒற்றுமை பொருள் ஒற்றுமையை மெய்ப்பிக்காது என்பது நியாயமான எச்சரிக்கை. அதனால்தான் பாங்கு என்றால் என்ன என்பதற்குப் பெல்யோ தரும் வரையறை இங்கே முதன்மை பெறுகிறது. பேசுபவரின் மனநிலையை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒரு வடிவம் எந்தச் சொல்லின் ஆளுகைக்கு உட்படுகிறது, அல்லது உட்படக்கூடும், என்பதே அவருக்குப் பாங்கு. அறிதல், உறுதிகூறல் ஆகிய பொருளுடைய வினைகள் ஆளும் வடிவங்கள் கூற்றுப்பாங்கு. ஐயம், விருப்பம் ஆகியவை ஆளும் வடிவங்கள் சார்புப்பாங்கு. இந்தச் சோதனையில் பர்திரீயா தயங்குவதே இல்லை. தீஹோ கே பர்திரீயா என்பது இயல்பான வாக்கியம். ‘அவன் புறப்பட வேண்டும் என்று விரும்பினான்’ என்பதற்கோ பொதுவழக்கில் கெரீயா கே பர்தியேரா என்றுதான் வரும். அங்கே பர்திரீயா வராது. ‘சொல்கிறான்’ என்பதற்குப் பின் பர்திரா வரும் இடத்தில், ‘சொன்னான்’ என்பதற்குப் பின் பர்திரீயா வருகிறது. ஆளும் சொல் அதேதான், மாறியது காலம் ஒன்றே.

எதிர்ப்பின் வலுவான வடிவம் இதன்பின் எழுகிறது. பர்திராவும் பர்திரீயாவும் இவ்வளவு நெருக்கமானவை என்றால், இரண்டையுமே கூற்றுப்பாங்கிலிருந்து பிரித்துத் தனிப் பாங்காக்கலாமே என்று ஒரு மரபு வாதிட்டிருக்கிறது. நிபந்தனைப் பொருளுடைய ‘சி’ என்ற இடைச்சொல்லுக்குப் பின் இரண்டுமே வரமுடியாது என்பது அதன் முதன்மைச் சான்று. வாதம் அழகானது, ஆனால் சான்று அளவுக்கு மீறிப் பேசுகிறது. நிபந்தனைச் ‘சி’க்குப் பின் பர்தா என்ற நிகழ்காலச் சார்புவடிவமும் வரமுடியாது. தடை இரண்டு பாங்குகளையும் ஊடறுத்துச் செல்வதால், அதை வைத்துப் பாங்கின் எல்லையைக் கீற முடியாது. ஐயவினாவைக் குறிக்கும் ‘சி’க்குப் பின் பர்திரா, பர்திரீயா இரண்டுமே தாராளமாக வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பர்திரா, பர்திரீயா இரண்டை மட்டும் ஆண்டு பிறவற்றை விலக்கும் வினை ஸ்பானியத்தில் இல்லை. ‘வாக்குறுதி கொடு’ என்ற வினைகூட அவற்றைப் பெரிதும் வேண்டினாலும், ‘நாளை புறப்படுகிறேன்’ என்ற நிகழ்காலத்தையும் ஏற்கிறது. ஆளும் சொல் இல்லாத பாங்கு, பெல்யோவின் அளவுகோலில், பாங்கே ஆகாது. வழக்கொழிந்துவரும் பர்தியேரேவுக்கு அவர் நிபந்தனைச் சார்பு என்று தனிப் பாங்கு கொடுத்ததை இங்கே முரண்பாடாகச் சுட்டுவது பொருந்தாது. அது நிபந்தனைச் சூழல்களால் ஆளப்பட்ட வடிவம்.

இன்னொரு எதிர்ப்பு பர்தியேராவின் பக்கமிருந்து வருகிறது. பொய்த்த நிபந்தனையின் விளைவுப் பகுதியில் அப்ரீயா பர்தீதோ (‘புறப்பட்டிருப்பான்’) என்று வரும் இடத்தில் உபியேரா பர்தீதோ என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றையொன்று மாற்றி நிற்பதால் ஒரே பாங்கைச் சேர்ந்தவை என்று முடிவுகட்டப்படுகிறது. ஆனால் இந்த மாற்று ஒருவழிப் பாதை. பொதுவழக்கில் உபியேரா அப்ரீயாவின் இடத்துக்கு வரும். ‘சி’க்குப் பின் உபியேராவின் இடத்துக்கு அப்ரீயா வராது. இந்த ஒருவழித்தன்மைக்குப் பர்தியேரா வகையின் பிறப்பே காரணம். அது லத்தீனின் கூற்றுப்பாங்கு இறந்தகாலத்துக்கு முந்திய வடிவத்திலிருந்து வந்தது. இன்றும் எழுத்து நடையில் அந்தப் பழம்பொருள் அவ்வப்போது தலைநீட்டுகிறது. பெல்யோ அதை விலக்க வேண்டிய பழவழக்காகக் கண்டார். தான் விட்டுவந்த பாங்கின் நிழலைச் சுமக்கும் வடிவம் பர்தியேராதான். அதனால் பர்திரீயாவின் இருப்பிடம் அசையவில்லை.

எனக்கு உண்மையிலேயே கடினமாகத் தோன்றுவது வட ஸ்பெயினின் வழக்கு. பாஸ்க் நாட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ‘சி தெந்த்ரீயா’ என்று, துவியேராவின் இடத்தில் தெந்த்ரீயாவைப் பலர் பேசுகிறார்கள். விருப்ப வினைகளுக்குப் பின்னும் பர்திரீயா வகை அங்கே கேட்கும். இதைப் பிழை என்று ஒதுக்குவது இலக்கண ஆய்வாகாது. ஆனால் இது எதை மெய்ப்பிக்கிறது? அந்த வழக்கில் விருப்ப வினை இந்த வடிவத்தை ஆள்வதால், அங்கே அது சார்புப்பாங்கின் பணியையும் ஏற்றிருக்கிறது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது நாம் பயன்படுத்தும் அளவுகோல் பெல்யோவுடையதே. ஆளும் சொல்லை வைத்து ஒரு வட்டார வழக்கில் பாங்கு மாறியதைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், மாறாத வழக்கில் பாங்கு மாறவில்லை என்பதையும் அதே அளவுகோலால் சொல்ல முடியும். பொதுவழக்கிலும் வட்டார வழக்கிலும் இல்லாதது ஒன்று உண்டு: பர்திரீயாவுக்கே உரிய மூன்றாவது பாங்கு.

கணக்கு எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை அப்ரீயா பர்தீதோ என்ற கூட்டுவடிவத்தில் சோதிக்கலாம். பெல்யோ இதற்கு ‘அந்தெபோஸ்ப்ரெத்தேரித்தோ’ என்று பெயரிட்டபோது பலருக்கு அது வகைப்பாட்டு வெறியாகத் தோன்றியது. இதில் மூன்று உறவுகள் உள்ளன: பர்தீதோவின் முன்மை, ரகரத்தின் பின்மை, ஈயாவின் முன்மை. ‘திங்கட்கிழமைக்குள் புறப்பட்டுவிட்டிருப்பதாகச் சொன்னான்’ என்ற அயற்கூற்றில் மூன்றும் நேர்ப்பொருளில் நிற்கின்றன. ‘நாங்கள் சேர்ந்தபோது அவன் புறப்பட்டுவிட்டிருப்பான்’ என்ற ஊகத்தில் இரு முன்மைகளும் நேராக நிற்க, பின்மை மட்டும் உருவகமாகிறது. ‘முடிந்திருந்தால் புறப்பட்டிருப்பான்’ என்பதில் பர்தீதோவின் முன்மை மட்டும் உண்மையான இறந்தகாலத்தைச் சுட்ட, பின்மை விளைவையும் ஈயாவின் முன்மை மறுப்பையும் தருகின்றன. ஒரே வடிவத்துக்குள் இரண்டு முன்மைகள், ஒன்று காலத்தைச் சொல்ல மற்றது மறுப்பைச் சொல்கிறது. பாங்கு என்ற ஒற்றை முத்திரையை வடிவம் முழுவதன்மேலும் குத்துகிறவர்களால் இந்த வேறுபாட்டைக் காட்டவே இயலாது.