குலசேகரன்பட்டினம் உப்பு

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடற்கரையில் உள்ள குலசேகரன்பட்டினத்திலும் அதன் சுற்றுவட்டத்திலும் விளைந்த கடலுப்பு. உடலுக்கு இன்றியமையாத சோடியமும் குளோரைடும் பெரும்பாலும் உப்பின் வழியாகவே மனிதருக்குக் கிடைக்கின்றன. நரம்புகளின் வேலைக்கும் தசையின் இயக்கத்துக்கும் சோடியம் வேண்டும்.

கடல்நீர் பாத்தி மாறிப் பாத்தியாக வெயிலில் இறுகுகிறது. முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படியும். உப்புநீரின் அடர்த்தியைப் போமே என்னும் அளவால் குறிப்பர்; ஏறத்தாழ 25 போமேயில் உப்பு பூக்கத் தொடங்கும். 30-ஐத் தொடுவதற்குள் வாரிவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கைக்கும். வாரியபின் நிற்கும் நீர் கையில் எண்ணெய்போல் வழுக்கும்; மக்னீசியமும் பொட்டாசியமும் அதில்தான் தங்குகின்றன. கடலில் அயோடின் இருந்தும் உப்புக் கல்லில் மிகச் சொற்பமே ஒட்டுகிறது.

ஊர்ப்பெயர் பாண்டியன் குலசேகரனைக் குறிப்பது என்பர். எந்தக் குலசேகரன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நெய்தல் நிலத்து உப்பை உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டியேற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இக்கரை உப்பும் தாமிரபரணி வயலூர்களுக்கு அவ்வாறே போயிருக்கலாம். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது.

இவ்வூர் உப்பின் கதையில் விரிவாகப் பதிவானது 1942ஆம் ஆண்டே. அதற்கு முன்பே உப்புப் போராட்டம் தொடங்கியிருந்தது. 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியோர் தடியடியும் சிறையும் ஏற்றனர். மறு ஆண்டு காந்தி–இர்வின் உடன்பாடு, கடலோரச் சிற்றூரார் தம் தேவைக்கு உப்பெடுக்க இடம் தந்தது. ஆயினும் உப்பு வரியும் உப்பு இலாகாவும் நீடித்தன. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் மூண்ட 1942 செப்டம்பரில், சுற்றுப்புற ஊர்களின் இளைஞர் ஓரிரவு குலசேகரன்பட்டினம் உப்பளத்துக்குள் புகுந்தனர். உதவி உப்பு ஆய்வாளர் லோன் கொல்லப்பட்டார். கைகலப்பு எப்படி மூண்டது என்பதை எல்லாரும் ஒரே விதமாக எழுதவில்லை. ‘லோன் துரை கொலை வழக்கு’ என்று மக்கள் சொன்ன இவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்கும் கருணை வேண்டுகோள்களுக்கும் பின் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. நாடு விடுதலையை நெருங்கிய வேளையில் இருவரும் வெளிவந்தனர். உப்பு வரி 1947இல் நீங்கியது.

அடுத்த மாற்றம் அயோடினால் வந்தது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் கழுத்துக்கழலை வரும், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைப்பதைக் காட்டியது. 1962இல் கழலையைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் தொடங்கியது. 2006 முதல் அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்கத் தடை உள்ளது. உற்பத்தியிடத்தில் குறைந்தது 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), வாங்குவோர் கையில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. மீன் உண்ணும் கடலோர மக்களுக்கும் இக்கட்டாயம் தேவையா என்ற கேள்வியும், சிறு உப்பளக்காரர்களின் சுமை பற்றிய முறையீடும் எழுந்ததுண்டு.

இரும்பையும் அயோடினையும் ஒரே உப்பில் சேர்ப்பது எளிதன்று: இரும்பு பட்டால் அயோடின் பிரிந்து ஆவியாகும், உப்பு நிறம் மாறும். இரண்டும் தொடாதபடி நுண்துகளுக்கு உறையிடும் முறையை உருவாக்கியவர்களில் உப்புத் தொழில்நுட்பர் வெங்கடேஷ் மன்னார் ஒருவர். 2014இல் தமிழக அரசு வெளியிட்ட ‘அம்மா உப்பு’ வகைகளில் இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவு உப்பும் ஒன்று.