கோலார் பாறைக்குள்ளே மூடாத ஒரு கேள்வி

இன்னிக்கு எபிசோட் ஒரு தங்கச் சுரங்கத்தைப் பத்தி. ஆனா தங்கத்தைப் பத்தி இல்லை.

நம்ம துடியலூர்ப் பக்கம் போர்வெல் ஆயிரம் அடி தாண்டினாலே மலைச்சுப் போறோம். கோலார் தங்க வயலில் டிடெக்டர் வெச்சது சுமார் 7,500 அடி ஆழத்தில். வட ஆற்காடு பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையா உழைச்ச சுரங்கம் அது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம்னு மூணு தரப்பு சேர்ந்த குழு. மேலே இருக்கற பாறை காஸ்மிக் கதிர்களைக் கிட்டத்தட்ட முழுசா வடிகட்டிரும். நியூட்ரினோ மட்டும் சர்வசாதாரணமா ஊடுருவும். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை முதலில் வெளியிட்டவங்க இவங்கதான். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இருந்த இன்னொரு குழுவின் கட்டுரை சில நாள் கழிச்சு வந்துச்சு.

நம்ம கதை அதுக்கப்புறம் ஆரம்பிக்குது. 1975-ல் கோலார் குழு ஒரு விசித்திரத்தை வெளியிட்டது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில பதிவுகள்ல, ரெண்டு மூணு தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து விரியுது. அந்தப் புள்ளி பாறையில் இல்லை. பாறைக்கும் டிடெக்டருக்கும் நடுவில் இருந்த காத்துல!

இதுல என்ன அதிசயம்னு கேட்கலாம். பாறையைவிடக் காத்து ரெண்டாயிரம் மடங்குக்கும் மேல அடர்த்தி குறைவு. நியூட்ரினோ மோதணும்னா பாறையிலதான் மோதும். அப்போ பாறையில் பிறந்த ஏதோ ஒரு கனமான துகள், கொஞ்ச தூரம் ஓடி வந்து, காத்துல சிதைஞ்சிருக்கணும். புரோட்டானைவிடச் சில மடங்கு எடை, நேனோசெகண்ட் அளவு ஆயுள்னு கணிச்சாங்க.

உடனே செர்ன், ஃபெர்மிலாப் ரெண்டு இடத்திலும் தேடினாங்க. சிக்கலை. நம்ம வேலையில, லாக்ல பதிவாகியிருக்கும், ஆனா ரீப்ரொட்யூஸ் பண்ண முடியாத பக் ஒண்ணு இருக்குமே, அதே கதை. டிக்கெட்டை மூடவும் மனசு வராது, ஃபிக்ஸ் பண்ணவும் முடியாது.

2014-ல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அந்தப் பதிவுகளை மறுபடி எடுத்து, இது கரும்பொருள் துகளின் சிதைவா இருக்கலாமேன்னு எழுதினாங்க. இன்னொரு பக்கம், செர்னின் என்ஏ62 குழு கேயான் சிதைவுகள்ல கனமான நியூட்ரினோவைத் தேடுது. சிதைவுக்கு முன்னயும் பின்னயும் கணக்குப் பார்த்து, காணாமப் போன எடை எவ்வளவுன்னு பார்க்கற முறை. 2020-ல் வந்த முடிவிலும் ஒண்ணும் கிடைக்கலை.

கோலார் சுரங்கம் 2001-ல் மூடியாச்சு. அதே இடத்துல திரும்ப அளக்க வழியில்லை. அந்தச் சில பதிவுகள் புதுத் துகளா, தற்செயலா? புள்ளிவிவரம் இன்னும் பத்தலைங்க. ஆழமான சுரங்கம் ஒண்ணு கையில இருக்கறதோட மதிப்பு, அது போன பிறகுதான் தெரியுது.