சுரங்கம் பட்ட கடன்

கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரத்தில், கரி தீர்ந்த திறந்தவெளிச் சுரங்கங்களின் மேல் இன்று சூரியத் தகடுகள் வரிசைகட்டி நிற்கின்றன. சென்ஃப்டன்பெர்க் அருகே 1999 வரை பழுப்பு நிலக்கரி வெட்டிய மொய்ரோ சுரங்க நிலத்தில் 2011இல் எழுந்த பூங்காவின் திறன் சுமார் 166 மெகாவாட். பழைய எரிபொருளைப் புதியது வென்ற கதையாக இதைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த மண்ணின் வரலாற்றைப் பார்த்தால், சுரங்கம் பட்ட கடனில் ஒரு பங்கைத்தான் சூரிய மின்நிலையம் அடைக்கிறது. மீதி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கரியை எடுப்பதற்காகப் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினார்கள். கரிக்கு மேலிருந்த மணல்மண்ணைப் பெயர்த்துத் தோண்டிய குழியிலேயே கொட்டினார்கள். சுரங்கம் மூடிப் பம்புகள் நின்றதும் நீர் மறுபடி ஏறுகிறது. நீர் ஊறிய அந்த மணல், சிறு அதிர்விலும் குழம்பாகி ஓடக்கூடியது. பழைய சுரங்கக் கரைகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை 2009இல் ஜெர்மனியின் வேறொரு சுரங்க வட்டாரத்திலுள்ள நாக்டர்ஷ்டெட் ஊர் காட்டியது: கரை சரிந்து, வீடுகளோடு மூன்று பேரை ஏரி விழுங்கியது. ஆகவே மண்ணை ஆழம்வரை இறுக்கிக் கெட்டிப்படுத்திய பிறகே எதையும் கட்ட முடியும். மண்ணிலுள்ள கந்தகக் கனிமம் காற்றுப்பட்டு அமிலமாவதால் பயிரும் எளிதில் பிடிப்பதில்லை. சூரியத் தகடுகளுக்கோ அப்படி இறுக்கிய தரையில் அறைந்த எஃகுக் கால்கள் போதும். மண் சற்று அமிழ்ந்தாலும் அந்த வரிசையை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். கரி மின்சாரத்துக்காக இழுத்த உயரழுத்தக் கம்பிகளும் இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

நிலத்தைக் காட்டுக்கும் உழவுக்கும் திருப்பித் தர வேண்டாமா என்று கேட்பது நியாயமே. தேறிய மண்ணைத் தகடுகளால் மூடக் கூடாது. லவுசிட்ஸில் பல மேடுகளில் காடு வளர்த்தார்கள், பல குழிகள் ஏரிகளாயின. வேலை பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. 1989இல் இங்கே ஏறத்தாழ 80,000 பேர் பழுப்பு நிலக்கரித் தொழிலில் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. கட்டி முடித்த சூரியப் பூங்காவுக்கு ஒரு சிலரே போதும் என்பதால் அந்த இழப்பை அது ஒருபோதும் ஈடுகட்டாது. சுரங்கத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை இழந்த மக்களுக்கும், அவர்களில் சோர்பியச் சிறுபான்மையினருக்கும், மின்சாரம் மட்டும் பதிலாகாது; அதன் வருமானத்திலும் பங்கு வேண்டும். 2025 முதல் இயங்கத் தொடங்கும் நிலையங்கள் மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 2,000 யூரோவை உள்ளூராட்சிக்குக் கட்ட வேண்டும் என்று, சென்ஃப்டன்பெர்க் அமைந்துள்ள பிராண்டன்பர்க் மாநிலம் சட்டம் செய்திருக்கிறது. அந்தக் கணக்கில் மொய்ரோ பூங்காவின் பங்கு ஆண்டுக்கு 3,32,000 யூரோவாக இருந்திருக்கும். ஆனால் முன்னரே கட்டப்பட்டதால் அது இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. சுரங்க நிலத்தில் நிற்கும் எந்த நிலையத்துக்கும், அது எந்த ஆண்டில் கட்டப்பட்டிருந்தாலும், இந்த விலக்கு கூடாது.