பாட்டு இருக்கு, பேரு எங்கே? ஒரு தூத்துக்குடி மியூசிக் சர்வரின் முன்கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முழுசாக மாற்றவில்லை.)

போன மாசம் தூத்துக்குடியில எங்க பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கப்பல் சரக்கு ஏஜென்ட் ஆபீஸ் ஒண்ணுல கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். ஹால்ல ரெண்டு பெரிய ஸ்பீக்கர், நடுவுல கறுப்பா ஒரு அலுமினியப் பெட்டி. பக்கவாட்டுல மீன் செதில் மாதிரி வரி வரியா இருந்துச்சு. சத்தமே இல்ல. ஆம்ப்ளிஃபயர்னு நினைச்சேன். "கம்ப்யூட்டர்லே அது"ன்னார்.

அவரே பாகம் பாகமா வாங்கிச் சேர்த்த மியூசிக் சர்வர். பாட்டை எடுத்து வைக்கவும், தேடவும், டாக்குக்கு அனுப்பவும் மட்டும்தான் அதுக்கு வேலை. டாக்னா டிஜிட்டலை மறுபடி ஒலியா மாத்துற கருவி. குறைஞ்ச மின்சாரத்துல ஓடுற போர்டு, எஸ்எஸ்டி, தனி பவர் சப்ளை. மின்விசிறி கிடையாது. உள்ள வர்ற சூடு அந்த அலுமினிய வரிகள் வழியா வெளிய போயிடும்.

ஹை-எண்ட் ஆடியோ ஆளுங்க இப்படி விசிறி இல்லாத பெட்டிக்கு நிறைய காசு கொடுப்பாங்க. இரைச்சல் கேட்கக் கூடாதுங்கிறது அவங்க காரணம். பெரியப்பா சொன்ன காரணம் வேற. "விசிறி வச்சா உப்புக் காத்தை உள்ள இழுக்கும்லே. ரெண்டு வருசத்துல பச்சை புடிச்சிரும்." ஊரைச் சுத்தி உப்பளம், ஒரு பக்கம் கடல். செம்புல பச்சைக் களிம்பு ஏறுறதும் கனெக்டர் தொடுப்பு விட்டுப்போறதும் அங்க சாதாரணம். அதனால பெட்டியை ராத்திரியிலயும் அணைக்க மாட்டார். லேசான சூடு இருந்துக்கிட்டே இருந்தா உள்ள ஈரம் படியாது. சென்னையில ஆடம்பரமா தெரியுற ஒரு டிசைன், தூத்துக்குடியில வெறும் தற்காப்பு.

ஆனா இன்னிக்குக் கதை அந்தப் பெட்டியைப் பத்தி இல்ல. பெட்டிக்குள்ள என்ன இருக்குங்கிறதைப் பத்தி. நானூத்துச் சொச்சம் கேசட்டை ஒவ்வொண்ணா ஓடவிட்டு டிஜிட்டலா மாத்தியிருக்கார். கேசட்டுக்கு ஒரு மணி நேரம்னா நானூறு மணி நேரம். குறுக்குவழியே கிடையாது, ஓடித்தான் ஆகணும். அதுல முக்கால்வாசி எழுபதுகள்லயும் எண்பதுகள்லயும் ரேடியோவுல இருந்து பிடிச்சது. எந்த ரேடியோன்னு தூத்துக்குடிக்காரங்க யாரும் கேட்க மாட்டாங்க. இலங்கை வானொலி.

மேப்பை எடுத்துப் பாருங்க. தூத்துக்குடியில இருந்து கொழும்பு நேர்கோட்டுல சுமார் 280 கிலோமீட்டர். சென்னை 530-க்கு மேல. அதாவது கொழும்பு பாதி தூரம். அதுவும் நடுவுல இருக்கிறது பெரும்பாலும் கடல். மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், பகல்ல தரையை ஒட்டித்தான் பயணம் பண்ணும். காய்ஞ்ச மண் அந்த அலையோட சக்தியைச் சீக்கிரம் தின்னுடும். உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்துறதால அலை ரொம்ப தூரம் தாக்குப்பிடிக்கும். பெரியப்பாவோட பெட்டியை அரிக்கிற அதே உப்புதான் அவர் ரேடியோவுக்குக் கொழும்பைக் கொண்டுவந்து சேர்த்துச்சு.

இந்த மன்னார் வளைகுடா எப்பவுமே ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு தெரு மாதிரிதான் இருந்திருக்கு. ரெண்டு பக்கமும் முத்துக்குளிப்பு. 1914-ல தனுஷ்கோடி வழி திறக்கிற வரைக்கும் சென்னையில ரயில் ஏறி, தூத்துக்குடியில இறங்கி, கப்பல்ல கொழும்பு போறதுதான் வழக்கமான பாதை. வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதும் இதே தூத்துக்குடி–கொழும்பு தடத்துக்காகத்தான். நம்ம பக்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டுக்கு வீடு வர ஆரம்பிச்சதும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். அப்போ ரேடியோ வச்சிருக்க போஸ்ட் ஆபீஸ்ல காசு கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்துச்சு, ஞாபகம் இருக்கட்டும்.

சரி, பக்கத்துலயே ஆல் இந்தியா ரேடியோ இருக்கும்போது ஏன் கடல் தாண்டிக் கேட்டாங்க? திருச்சி நிலையம் 1939-லயே வந்தாச்சு. தூரமும் கொழும்பை விடக் கம்மிதான். 1963-ல திருநெல்வேலியே வந்துருச்சு, ஐம்பது கிலோமீட்டர்ல. காரணம் தூரம் மட்டும் இல்ல. இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது.

1952-ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். அவருக்குச் சாஸ்திரிய சங்கீதம் உயிர், சினிமாப் பாட்டு மலிவு சரக்கு. ரேடியோவுல சினிமாப் பாட்டு நேரம் சுருங்குச்சு. இது பலருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாத ஒண்ணு: சண்டை முற்றினது பேரைப் பத்தி. பாட்டைப் போடும்போது படத்தோட பேரைச் சொல்றது இலவச விளம்பரம்னு வானொலி முடிவு பண்ணுச்சு. பாடகர் பேரை மட்டும்தான் சொல்வோம்னாங்க. தயாரிப்பாளர்கள் கொதிச்சுப் போய், பாட்டு போடக் கொடுத்திருந்த அனுமதியையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. கொஞ்ச மாசத்துக்குள்ள சினிமாப் பாட்டு கிட்டத்தட்டக் காணாம போயிடுச்சு. அரசாங்கம் மனசு மாறி விவித் பாரதியைத் தொடங்கினது 1957 அக்டோபர்ல.

அந்த அஞ்சு வருச இடைவெளியில ரேடியோ சிலோன் உள்ள புகுந்துச்சு. கொழும்புல வானொலி தொடங்கினது 1925-லயே. ரெண்டாம் உலகப்போர்ல நேச நாட்டுப் படைகளோட தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம் கண்டியில இருந்துச்சு. படை வீரர்களுக்காக ரேடியோ சியாக்னு ஒரு பலமான நிலையம் அமைச்சாங்க. போர் முடிஞ்சு 1949-ல அது இலங்கை அரசு கைக்கு வந்துச்சு. 1950-ல வர்த்தக சேவை. ராணுவம் விட்டுப் போன ஒலிபரப்பி, விளம்பரத்துக்கு அனுமதி, அலமாரி அலமாரியா இசைத்தட்டு. பக்கத்துல ஒரு பெரிய நாடு தன் மக்களுக்குப் பிடிச்ச பாட்டைத் தானே நிறுத்தி வச்சிருக்கு. ஒரு வியாபாரிக்கு இதைவிட என்ன வேணும்?

தமிழ்ச் சேவையில எஸ்.பி. மயில்வாகனன், அப்புறம் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'இரவின் மடியில்'. நமக்கு டிவியில தெரிஞ்ச 'பாட்டுக்குப் பாட்டு' பிறந்ததும் அங்கதான். தென் தமிழ்நாட்டுல இருந்து நேயர் கடிதங்கள் கொழும்புக்குக் கப்பலேறிச்சு.

இவங்க குரலைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. நான் கவனிக்கச் சொல்றது அவங்க என்ன சொன்னாங்கங்கிறதை. படம் என்ன, பாடினது யார், எழுதினது யார், இசை யார். ஒவ்வொரு பாட்டுக்கும். இந்தியாவுல எந்தப் பேரைச் சொல்லலாம்னு ஒரு அமைச்சகம் சண்டை போட்டதோ, அந்தப் பேரெல்லாம் அங்க தினமும் காத்துல வந்துச்சு. கண்ணதாசனையும் மருதகாசியையும் பேரோட தெரிஞ்சு வச்சிருந்த ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாச்சு. அதுல பாதிப் பேர் ஒரு இசைத்தட்டைக் கையில கூடத் தொட்டதில்ல.

இன்னிக்கு நாம இதுக்கு மெட்டாடேட்டான்னு பேர் வச்சிருக்கோம். அப்போ அது ஒரு மனுசக் குரல்.

அடுத்து கேசட். பிலிப்ஸ் 1963-ல கொண்டுவந்தது. எழுபதுகளோட கடைசியில தூத்துக்குடி மாதிரி துறைமுக ஊர்ல டூ-இன்-ஒன் செட் சீக்கிரமே வந்துருச்சு. இந்தியாவுல இறக்குமதி வரி கடுமை. இலங்கையோ 1977-க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டுச்சு. கப்பல்ல வேலை பார்க்கிற மாமாவோ மச்சானோ இல்லாத வீடு அங்க குறைவு, மீதியை நீங்களே ஊகிச்சுக்கோங்க. பெரியப்பா வீட்டுக்கும் ஒரு செட் வந்துச்சு. ரெக்கார்டு, பிளே ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கணும். பக்கத்துல பாஸ் பட்டன்.

அந்த பாஸ் பட்டன்தான் வில்லன். டேப் விலை ஜாஸ்தி, ஒரு நொடி கூட வீணாகக் கூடாது. அதனால அறிவிப்பாளர் பேசும்போது பாஸ்ல விரலை வச்சுக் காத்திருப்பார். பேச்சு முடிஞ்சு இசை ஆரம்பிச்ச உடனே விடுவார். பாட்டு முடிஞ்சு குரல் வர்றதுக்குள்ள மறுபடி அமுக்குவார். அப்போ அதுக்குப் பேரு 'சுத்தமான ரெக்கார்டிங்'. நானூறு கேசட்டுல இருந்தும் குரலை இவ்வளவு நேர்த்தியா வெட்டி எடுத்திருக்கார் மனுசன். பேர்களை அட்டையில பேனாவால எழுதி வச்சார். அட்டையில ஈரம் ஏறி மை கலைஞ்சுபோச்சு. சிலதுல கரையான். டேப்புல வெள்ளையா பூஞ்சை படிஞ்சிருந்தும் பாட்டு எப்படியோ தப்பிச்சுருச்சு, பேர் தப்பிக்கல.

இதுக்கு நடுவுல அந்தக் கரையிலயும் எல்லாம் மாறிடுச்சு. 1983 ஜூலைக்குப் பிறகு போர். நேயர்களுக்குக் குரலாகவே தெரிஞ்ச கே.எஸ். ராஜா கொழும்புல கொல்லப்பட்டார். இப்போ தூத்துக்குடியில இருந்தே ஆகாசவாணி 200 கிலோவாட்ல 1053 கிலோஹெர்ட்ஸ்ல ஒலிபரப்புது, அது இலங்கை வரைக்கும் கேட்குது. காத்து திசை மாறிடுச்சுன்னு பெரியப்பா சிரிச்சார்.

கம்ப்யூட்டர் வந்ததும் பேர் பிரச்சினை தீர்ந்திருக்கணும் இல்லையா? தீரல. எம்பி3 ஃபைலோட கடைசியில பேர் எழுத 1996-ல ஒரு ஏற்பாடு வந்துச்சு, ஐடி3. மொத்தமே 128 பைட். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30. இசையமைப்பாளருக்கு இடம் கிடையாது, பாடலாசிரியருக்குக் கிடையாது, தமிழ் எழுத்துக்கும் கிடையாது. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, இந்த ரெண்டு பேரையும் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டல்ல புள்ளி, கமா, இடைவெளியோட எண்ணிப் பாருங்க. 31 வரும். கடைசி எழுத்து அவுட். அதை வடிவமைச்சவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு பாட்டுக்கு ஒரு பாடகர், ஒரு ஆல்பம்ங்கிற உலகத்துல இருந்தவர். நம்ம பாட்டு ஒண்ணுக்கு அஞ்சாறு பேர் உரிமை கொண்டாடுவாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

பின்னாடி வந்த வடிவங்கள்ல இந்தத் தடை இல்ல. பெரியப்பா வச்சிருக்கிறது ஃப்ளாக், 2001-ல வெளியானது. ஒலியில எதையும் தூக்கிப் போடாம சுருக்கும், நாம விரும்பின பேர்ல எத்தனை கட்டம் வேணும்னாலும் சேர்க்கலாம், தமிழ்லயே எழுதலாம். ஆனா எழுத யாராவது உட்காரணுமே. ஆன்லைன்ல இருக்கிற பட்டியலை இழுத்துப் போட்டா, விஸ்வநாதன்–ராமமூர்த்தி சேர்ந்து போட்ட பாட்டுக்கு எம்.எஸ்.வி. பேர் மட்டும் இருக்கும். ரெண்டு பேரும் பிரிஞ்சது 1965-ல. அதுக்கு முன்னாடி இருக்கிறதுல ராமமூர்த்தியை ஒரு மவுஸ் கிளிக் துடைச்சுட்டுப் போயிடுது. பெரியப்பா இதை மட்டும் பொறுக்க மாட்டார். ஒவ்வொண்ணா திருத்துறார். சர்வர் கட்ட அவருக்கு ஒரு வாரம் ஆச்சு. இந்த வேலை மூணாவது வருசமா நடக்குது.

நான் கேட்டேன், இவ்வளவு பெரிய ஸ்பீக்கர்ல மீடியம் வேவ்ல பிடிச்ச கேசட்டைக் கேட்டு என்ன பிரயோஜனம் பெரியப்பா? நியாயமான கேள்விதான். அந்த ஒலிபரப்புல சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எதுவுமே கிடையாது. சிடி 20 வரைக்கும் போகும். நல்ல கருவி இல்லாததை உண்டாக்காது. இருக்கிற இரைச்சலை இன்னும் தெளிவா காட்டும், அவ்வளவுதான். அதே பாட்டு ஸ்ட்ரீமிங்ல சுத்தமா கிடைக்குது.

"கிடைக்குது. ஆனா நான் எழுபத்தொம்பதுல கேட்டது அது இல்லயேலே"ன்னார். அதுக்கு மேல விளக்கம் சொல்லல, ஒரு ஃபைலைப் போட்டார்.

பாட்டு முடியுது. விரல் அன்னிக்கு ஒரு நொடி பிந்தியிருக்கு. ஒரு பெண் குரல், படத்தோட பேரைச் சொல்லி முடிச்சு, பாடியவர்கள்னு ஆரம்பிக்குது. டக். அவ்வளவுதான். நானூறு மணி நேரத்துல இப்படித் தப்பிச்ச குரல் மொத்தம் பதினேழு இடத்துல இருக்காம். எல்லாத்தையும் தனியா குறிச்சு வச்சிருக்கார். ஃபைலை வெட்டிச் சுத்தம் பண்ண ஒரு நிமிசம் ஆகாது, தொடவே இல்ல.

பேர் கண்டுபிடிக்க முடியாத பாட்டுக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து ரெண்டைக் கண்டுபிடிச்சோம். மூணாவது எந்தப் படம்னு பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் தகராறு. மீதி ஒன்பது. அதுல ஒண்ணோட முதல் பத்து நொடியை இந்த எபிசோட் முடிவுல சேர்த்திருக்கோம். பாட்டி தாத்தா யாராவது பக்கத்துல இருந்தா அவங்களைக் கூப்பிட்டு வச்சுக் கேளுங்க. தெரிஞ்சா எழுதுங்க. படத்தோட பேர் மட்டும் போதாது, எழுதினவர் பேரும் வேணும்னு பெரியப்பா சொல்லச் சொன்னார்.