கிண்டியில் பரிசோதித்த நாய் ரத்தம்

1903 ஜூன் 17 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், தீராக் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இங்கிலாந்தில் லீஷ்மன் அதற்கு முந்தைய மாதம் அறிவித்திருந்த நுண்ணுருக்களே அதிலும் இருந்தன. இருவர் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார் ரொனால்ட் ராஸ். 1911இல் திறந்த ராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளர் இதே டோனவன்தான். அந்த ஒட்டுண்ணியால் வரும் காலா அசார் நோயில் சென்னையின் பங்கைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். அடுத்த பத்தாண்டுகளில் இந்நகரத்து நாய்களின் ரத்தத்தில் தேடியும் கிடைக்காமல் போனதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு என்பது என் கருத்து.

1908இல் துனிஸ் நகரத்தில் சார்ல் நிக்கோல் நாய்களிடம் லீஷ்மேனியாவைக் கண்டார். உடனே சந்தேகம் நம்மூர் நாய்கள் மீதும் விழுந்தது. டோனவனும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய கேப்டன் பேட்டனும் சென்னை நாய்களைச் சோதித்தார்கள், ஒட்டுண்ணி அகப்படவில்லை. சென்னைக் காலா அசார் விலங்கிலிருந்து வந்ததா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1913இல் பேட்டன் கட்டுரை எழுதினார். நாய் ரத்தம் அவருக்கு வேறொன்றையும் காட்டியிருந்தது. ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற ஆங்கிலேயர் வேட்டைக் குழுவின் நாய்களில், பிறகு குள்ளநரியிலும், சிவப்பணுக்களுக்குள் வாழும் புதிய ஒட்டுண்ணி ஒன்றை அவர் 1910இல் விவரித்தார். பபேசியா கிப்சோனி என்று இன்று வழங்குவது அதுதான். அடையாறிலோ தி.நகரிலோ நாய் வளர்ப்பவர்கள் ‘டிக் ஃபீவர்’ என்று அஞ்சுகிற உண்ணிக் காய்ச்சலுக்கு இதுவும் ஒரு காரணம்.

சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் தென்படாததை ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது எனக் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் அந்த முறையில் தப்பிவிடும். ஆனால் துனிஸில் நாய்களிடம் அதைக் காட்டிக்கொடுத்ததும் அதே நுண்ணோக்கி முறைதான். பின்னாளில் வந்த சான்றும் இதற்கு ஒத்தே இருக்கிறது: இந்தியாவில் காலா அசார் மனிதரிடமிருந்து மனிதருக்கு மணல் ஈ வழியாகப் பரவுவதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தார்கள். (மூட்டைப்பூச்சிதான் பரப்புகிறது என்று பேட்டன் பல காலம் நம்பியது வேறு கதை.) துரைமார்களின் வேட்டை நாய் என்பதால்தான் இத்தனை அக்கறை என்ற குற்றச்சாட்டையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அங்கே கண்ட ஒட்டுண்ணி இன்று தெருநாய்க்கும் உரியதாகிவிட்டது.

தகடு சொல்லாதது ஒன்று உண்டு. லீஷ்மேனியா குடியிருப்பது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுவில். கிருமியைச் செரிக்க வேண்டிய அணுவே அதற்கு வீடாகிவிடுகிறது. ஏன் சில உடல்களில் அது செரிக்கப்படுகிறது, சிலவற்றில் பெருகுகிறது? தகட்டில் இருப்பது செத்த அணு. அதனிடம் இதைக் கேட்க முடியாது. இன்று நாயின் கால் சிரையிலிருந்து சில மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, மோனோசைட் என்ற வெள்ளணுக்களைப் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டவைத்து, வளர்ச்சிக் காரணிப் புரதம் ஊட்டி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் விழுங்கணுக்களாக்குகிறார்கள். அவற்றில் ஒட்டுண்ணியை விட்டு எத்தனை பிழைக்கிறது என்று எண்ணுகிறார்கள். நாயே நோயைத் தேக்கிவைக்கும் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பிரேசிலுக்கும் இந்தக் கேள்வி அவசரமானது.

தட்டு நாயாகிவிடாது என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். மண்ணீரல் அதில் இல்லை. மணல் ஈயின் உமிழ்நீரும், மற்ற எதிர்ப்பணுக்களின் ஏவலும் இல்லை. முழு நோயையும் அதில் படிக்க இயலாதுதான். ஓர் அணுவின் திறனைத் தனியே பிரித்துப் பார்க்க அது போதும். ரத்தம் கொடுத்த நாயும் வீடு திரும்பும். அடையாறு ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பலனாக வந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஆய்வைத் தடுக்கவில்லை, தேவையற்ற துன்பத்தைத்தான் தடுத்தது. இம்முறை அதற்கு இசைவானது. பிரேசில் காலா அசாருக்காகப் பல ஆண்டுகள் நாய்களைக் கொன்றது. இந்தியாவின் ஒழிப்புத் திட்டமோ நோயாளிகளைத் தேடி மருந்து தருவதிலும் வீட்டுச் சுவர்களில் பூச்சிமருந்து அடிப்பதிலுமே நிற்கிறது.